பழைய மாஸி டிராக்டரில் ரோல் பார் பொருத்தலாமா?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். சேரன்மகாதேவி அருகே கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் உங்களுக்கு வயல் இருக்கிறது. 1982-இல் பதிவான மாஸி 1035 டிராக்டரை உங்கள் அப்பா இன்னமும் தாமே ஓட்டுகிறார். கடந்த பிசான நெல் பருவத்தில் தொழி உழவு (சேற்றுழவு) முடிந்து திரும்பும்போது வாய்க்கால் கரை இளகி, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு தென்னையில் முட்டுக்கொடுத்து நின்றது. அதன் பிறகு ரோல் பார் (வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநர் நசுங்காமல் காக்கச் சீட்டுக்குப் பின்னால் நிறுத்தும் வளைவுக் கம்பி) பொருத்த நினைத்து ஒரு வெல்டிங் பட்டறையில் விசாரித்திருக்கிறீர்கள். 2 இன்ச் ஜி.ஐ. பைப்பை வளைத்து, அடியில் பிளேட் வைத்துப் பற்றவைத்து, மட்கார்டு போல்ட்டுகளிலேயே மாட்டி ஒரே நாளில் தந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். 2 இன்ச் போதுமா, இரண்டரை போட வேண்டுமா என்பது நீங்கள் எழுதிய கேள்வி. ஆனால், வண்டி மறுபடியும் கவிழ்ந்தால் அந்தக் கம்பி அப்பாவைக் காப்பாற்றுமா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று எடுத்துக்கொள்கிறேன். பைப்பின் அளவைச் சொல்லி இதற்குப் பதில் சொல்ல முடியாது.

நான் வேளாண் பொறியியல் படித்தவன். 22 ஆண்டுகளாக அம்பாசமுத்திரம் சாலையில் டிராக்டர் பட்டறை நடத்துகிறேன். கம்பெனி கொடுத்த ரோல் பார்களைப் பொருத்தியிருக்கிறேன். கவிழ்ந்த வண்டிகளைக் கழற்றி மறுபடி பூட்டியிருக்கிறேன். ஆனால் ரோல் பாரை வடிவமைத்து அழுத்திச் சோதிக்கும் சோதனைக்கூடத்தில் நான் வேலை பார்த்ததில்லை. கீழே கணக்காக வருபவை மாணவர்களுக்கு வகுப்பில் போட்டுக் காட்டும் அளவிலான கணக்குகள்தான். அவற்றை வைத்து யாரும் ஒரு ரோல் பாரைச் செய்துவிடக் கூடாது.

ஐயமில்லாமல் சொல்லக்கூடியதை முதலில் சொல்கிறேன். முறையாகச் சோதிக்கப்பட்ட ரோல் பாரும், அதனோடு சீட் பெல்ட்டும் இருந்தால் கவிழ்ந்த டிராக்டரில் ஓட்டுநர் பிழைப்பது ஏறக்குறைய உறுதி. சுவீடன் நாடு 1959-லேயே புதிய டிராக்டர்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. அங்கே 1,00,000 டிராக்டர்களுக்கு 17 என்றிருந்த கவிழ்ந்து இறப்போர் எண்ணிக்கை, அடுத்த முப்பது ஆண்டுகளில் 0.3 என்ற அளவுக்கு இறங்கியது. ரோல் பார் வண்டி கவிழ்வதைத் தடுப்பதில்லை. பெரும்பாலும் பக்கவாட்டில் விழுந்த நிலையிலேயே வண்டியை நிறுத்தி, மேலும் உருளாமல் பார்த்துக்கொள்கிறது. அப்படியே உருண்டு தலைகீழானாலும், பின்னால் ரோல் பாரின் உச்சியும் முன்னால் பானெட்டும் தரையைத் தாங்க, இரண்டுக்கும் இடையில் ஓட்டுநர் உட்கார்ந்திருக்கும் இடம் நசுங்காமல் மிஞ்சுகிறது. அந்த இடத்தை விட்டு அவர் வெளியே வீசப்படாமல் பிடித்துக்கொள்வது பெல்ட்டின் வேலை.

இந்த இடத்தைக் காப்பதற்குக் கம்பி எவ்வளவு தாங்க வேண்டும் என்பதற்கு உலகளவில் ஒரு கணக்கு உண்டு. ஓ.இ.சி.டி. (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு) நாடுகளின் நான்காம் எண் சோதனை விதிப்படி, டிராக்டர் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.75 ஜூல் ஆற்றலைப் பக்கவாட்டுத் தள்ளலில் கம்பி உள்வாங்க வேண்டும். முன்பின் தள்ளலில் 1.4 ஜூல். மேலிருந்து அழுத்தும்போது கிலோவுக்கு 20 நியூட்டன், அதாவது வண்டியின் எடையைப் போல் இரு மடங்கைத் தாங்க வேண்டும். உங்கள் வண்டியைச் சுமார் 1,700 கிலோ என்று வைத்துக்கொண்டால், பக்கவாட்டில் ஏறத்தாழ 3,000 ஜூல் வருகிறது. இரண்டு சிமென்ட் மூட்டைகளைச் சேர்த்துக் கட்டி 3 மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் எவ்வளவு அடி விழுமோ அவ்வளவு. இதில் ‘உள்வாங்க வேண்டும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கம்பி வளைந்துதான் ஆற்றலை உள்வாங்கும். வளையாத கம்பி அந்த அடியை அப்படியே கீழே இறக்கி, போல்ட்டுக்கும், ஆக்சிலை மூடியிருக்கும் ஹவுசிங்குக்கும் கொடுத்துவிடும். இதனால்தான், பெரிய பைப்பாகப் போட்டால் நல்லதுதானே என்ற எண்ணம் இந்த விஷயத்தில் செல்லாது.

ஒரு கார் நெல் பருவத்தில் என் பட்டறைக்கு வந்த வண்டியைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். உங்களுக்குச் சொன்னது போலவே ஏதோ ஒரு பட்டறையில் செய்து மாட்டிய ரோல் பார் அதில் இருந்தது. வரப்பில் ஏறி இறங்கும்போது வண்டி இடது பக்கமாகக் கவிழ்ந்திருக்கிறது. டிரெய்லரில் ஏற்றி வந்தவர்கள் ரோல் பாரைத் தனியாக ஒரு சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். அதைத் தரையில் நிறுத்திப் பார்த்தோம். பைப்பில் ஒரு நெளிவு இல்லை; மஞ்சள் பெயிண்டுகூட ஓரிடத்தில்தான் உரிந்திருந்தது. அடிப் பிளேட்டில் வலது காலின் வெல்டு, பலாச்சுளையைப் பிரித்தது போல ஒரு பக்கமாகக் கிழிந்திருந்தது. இடது காலில் வெல்டு நின்றிருந்தது, ஆனால் போல்ட்டுகள் இரண்டும் கழுத்தில் மெலிந்து அறுந்திருந்தன. என்னிடம் வேலை பார்த்த மூத்த மெக்கானிக் அந்தக் கம்பியைத் தட்டிப் பார்த்துவிட்டு, “கம்பி ஒரு நூலுகூட வளையல, பாத்தியளா அண்ணாச்சி” என்றார். அவர் அதைக் கம்பிக்குப் பாராட்டாகச் சொல்லவில்லை. ஓட்டியவர் தொழிக்குள் விழுந்ததால் இடுப்பெலும்பு முறிவோடு தப்பினார். அந்த ரோல் பார் அவருக்கு எந்த வகையிலும் உதவவில்லை.

போல்ட்டுகள் ஏன் அறுந்தன என்பதற்குக் கணக்குப் போடுவது எளிது. ரோல் பாரின் உச்சி, ஆக்சிலிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும். அடிப் பிளேட்டில் இருபுறப் போல்ட்டுகளுக்கும் இடையே உள்ள தூரம் 15 சென்டிமீட்டர் என்று கொள்வோம். உச்சியில் 1 டன் விசை தள்ளினால், கடப்பாரைக் கணக்கில் கீழே அது 10 மடங்காகிறது. இரண்டு கால்களும் பகிர்ந்துகொண்டாலும், ஒவ்வொரு காலிலும் ஒரு பக்கப் போல்ட்டுகளை 5 டன் இழுக்கிறது. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 4.6 தரத்து 12 மி.மீ. போல்ட் ஏறக்குறைய 2 டன் இழுவையிலேயே நீளத் தொடங்கிவிடும். இரண்டு போட்டாலும் 4 டன்தான். அதே இடத்தில் 8.8 தரத்து 16 மி.மீ. ஹைடென்சில் போல்ட் ஒன்றே 10 டன் வரை நீளாமல் நிற்கும். போல்ட்டின் தலையில் 8.8 என்று அச்சிட்டிருக்கும். தலை மொட்டையாக இருந்தால் அதை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம். மட்கார்டு போல்ட்டுகள் மட்கார்டைத் தாங்குவதற்காகப் போடப்பட்டவை. மட்கார்டின் தகரமோ முதல் இழுவையிலேயே கிழிந்து வந்துவிடும். எனவே நீங்கள் எழுதியிருக்கும் ஏற்பாடு, பைப் 2 இன்ச்சாக இருந்தாலும் 3 இன்ச்சாக இருந்தாலும், உயிர் காக்கும் அமைப்பு ஆகாது. வெயிலுக்குக் கூரை போடும் சட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். அப்பாவிடமும் அதைக் கூரைச் சட்டம் என்றே சொல்லுங்கள். ரோல் பார் இருக்கிறது என்ற தைரியத்தில் கரை விளிம்பை இன்னும் ஓர் அடி நெருங்கி ஓட்டுவதுதான் பெரிய ஆபத்து.

சரி, நல்ல போல்ட்டும் தடித்த பிளேட்டும் போட்டு, மட்கார்டை விட்டுவிட்டு ஆக்சில் ஹவுசிங்கிலேயே மாட்டினால் என்ன என்று அடுத்துக் கேட்பீர்கள். கம்பெனி ரோல் பார்களும் ஹவுசிங்கில்தான் அமர்கின்றன. ஆனால் டிரம்பெட் என்று நாம் சொல்லும் அந்தக் குழாய் வடிவ ஹவுசிங் வார்ப்பு இரும்பு. வார்ப்பு இரும்பு அமுக்கத்தைத் தாங்கும். இழுவையிலும் திடீர் அடியிலும் வளையாமல் விரிசல் விடும். அதில் ஓட்டை போடக் கூடாது. வெல்டிங் வைக்கவே கூடாது. வெல்டு வைத்த இடத்தை ஒட்டி, சூடு ஆறும்போதே கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்துவிடும். மேலும் கீழும் தடித்த பிளேட் வைத்து, ஹவுசிங்கைச் சுற்றி நீளப் போல்ட்டுகளால் கவ்வ வைப்பதுதான் முறை. அப்போதும் நாற்பது ஆண்டு பழைய ஹவுசிங் அந்தச் சுமையைத் தாங்குமா என்பது மாடலைப் பொறுத்தது. ரோல் பார் என்ற எண்ணமே இல்லாத காலத்தில் வடிவமைத்த ஹவுசிங்குகள் சில தாங்காது என்பதால்தான், எல்லாப் பழைய டிராக்டர்களுக்கும் ரோல் பார் கிடைப்பதில்லை. மாஸி 135 போன்ற பழைய மாடல்களுக்கு அமெரிக்காவில் பின்னாளில் பொருத்தும் ரோல் பார்கள் விற்கிறார்கள் என்பது நல்ல செய்தி. 35, 135, 1035 ஆகியவை ஒரே குடும்பத்துச் சாயல் உடையவை. ஆனாலும் சாயலை நம்பி வாங்காமல், ஹவுசிங்கின் அகலத்தையும் மேல்பரப்பையும் போல்ட் துளைகளின் இடைவெளியையும் அளந்து, மாடல் எண்ணைச் சொல்லித்தான் வாங்க வேண்டும்.

ஆகவே முதலில் வண்டியின் என்ஜின் எண், சேசிஸ் எண் இரண்டையும் எழுதிக்கொண்டு, விற்பனை நிலையத்தின் உதிரிபாகப் பிரிவில் கேளுங்கள். இந்த மாடலின் ஹவுசிங்குக்குச் சோதனை செய்து சான்றளித்த ரோல் பார் உண்டா, அது பெல்ட்டும் சீட்டும் சேர்ந்து வருகிறதா, சோதனை எந்த விதிப்படி நடந்தது, எத்தனை கிலோ எடைக்கு என்று எழுத்தில் கேளுங்கள். உண்மையான ரோல் பாரில் இந்த விவரங்கள் பொறித்த தகடு ஒன்று ஒட்டியிருக்கும். தகடு இல்லாத ஒன்றை ‘கம்பெனி சாமான்’ என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். விபத்தான வேறு டிராக்டரிலிருந்து கழற்றியது மலிவாகக் கிடைக்கிறது என்று வந்தால் வாங்கவே வாங்காதீர்கள். ஒருமுறை அடி வாங்கிய கம்பி தன் வளையும் திறனைச் செலவழித்துவிட்டது. நிமிர்த்தி பெயிண்ட் அடித்தால் பார்வைக்குப் புதிது போல இருக்கும், அவ்வளவுதான். உங்கள் ஊர்ப் பட்டறைக்காரர் திறமையானவராகவே இருக்கலாம். சோதிக்காமல் செய்த ரோல் பார் தாங்குமா என்பதை அவரும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தால்தான் தெரியும். மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் மத்திய அரசு டிராக்டர் சோதனைக்கென்றே ஒரு நிறுவனத்தை வைத்திருப்பது இப்படிப்பட்ட தேவைகளுக்காகத்தான்.

ரோல் பார் கிடைத்துவிட்டால், பொருத்தும் வேலை அரை நாள்தான். ஹவுசிங்கின் மேல்பரப்பைப் பெயிண்டும் பிசுக்கும் போகச் சுரண்டி, பிளேட் முழுவதும் இரும்போடு இரும்பாக உட்காரும்படி செய்ய வேண்டும். பெயிண்டின் மேல் இறுக்கினால் நாளாவட்டத்தில் பெயிண்ட் உதிர்ந்து போல்ட் தளரும். டார்க் ரென்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ரென்ச்) வைத்து, அந்த ரோல் பாருக்குச் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். ஒரு வாரம் ஓட்டியபின் மறுபடி பாருங்கள். விளக்கு மாட்டவோ கொடி கட்டவோ கம்பியில் ஓட்டை போட வேண்டாம். கோயில் கொடைக்கு ஸ்பீக்கர் பெட்டி கட்டவும் கொடுக்க வேண்டாம் என்று சொன்னால் ஊரில் என் மேல் வருத்தப்படுவார்கள், ஆனாலும் சொல்லியாக வேண்டும். 60 கிலோ ரோல் பார் 1,700 கிலோ வண்டியின் எடைமையத்தை மூன்று, நான்கு சென்டிமீட்டர்தான் உயர்த்தும், அது பொருட்டில்லை. அதன் உச்சியில் இரண்டு பெட்டிகளையும் மேலே ஓர் ஆளையும் ஏற்றினால் கணக்கே மாறிவிடும். திசையன்விளை, உவரி போன்ற கடற்காற்று ஊர்களில் குழாய் உள்ளிருந்து துருப்பிடிக்கும். அடியில் நீர் வடியும் துளை அடைபடாமல் இருக்கிறதா என்று ஆண்டுக்கொரு முறை பார்த்தால் போதும்.

பெல்ட்டைப் பற்றி ஒரு விதியை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: ரோல் பார் நிமிர்ந்து நின்றால் பெல்ட் போட வேண்டும்; ரோல் பார் இல்லாத வண்டியிலும், மடித்துவிட்ட ரோல் பாரிலும் பெல்ட் போடக் கூடாது. காக்கும் கம்பி இல்லாமல் ஆளை மட்டும் சீட்டில் கட்டுவது, அவரை வண்டிக்கு அடியில் கட்டிவைப்பதற்குச் சமம். பழைய இரும்பு வாளிச் சீட்டில் பெல்ட்டை மாட்டினால் சீட்டே பெயர்ந்து வந்துவிடும். பெல்ட் கொக்கிக்கென்று வடிவமைத்த சீட் வேண்டும். மட்கார்டில் ஆளை உட்கார வைக்கும் நம் பழக்கத்துக்கு ரோல் பாரில் எந்தத் தீர்வும் இல்லை. வண்டி சாயும்போது முதலில் நசுங்குவது அந்த இடம்தான்.

களக்காடு, ஏர்வாடி பக்கத்து வாழைத் தோட்டங்களிலும் தென்னந்தோப்புகளிலும் ஓட்டுவதானால் மடக்கும் ரோல் பார் தேவைப்படும். நிமிர்ந்த கம்பி வாழையிலையைக் கிழிப்பதோடு, தாழ்ந்த மட்டையில் மாட்டிக்கொண்டால் அதுவே வண்டியைப் பின்னால் இழுக்கும். ஆனால் நான் பார்த்த மடக்கும் ரோல் பார்களில் பாதி, தோப்புக்காக மடக்கிய நாள் முதல் மடங்கியே கிடக்கின்றன. கம்பியைப் பூட்டும் பின் (ஊசி) துருவேறி நிமிர்த்தவே வராது. தோப்பை விட்டு வெளியே வந்ததும் நிமிர்த்துவார் என்று அப்பாவைப் பற்றி உங்களால் உறுதியாகச் சொல்ல முடிந்தால் மட்டும் அதை வாங்குங்கள்.

இதுவரை சொன்னவை உறுதியானவை. தொழி உழவில் பெல்ட் போடலாமா என்பதில் எனக்கே தடுமாற்றம் உண்டு. சோதனை விதிகள் எல்லாம் கம்பி ஊன்றுவதற்கு உறுதியான தரையை வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. முழங்கால் ஆழச் சேற்றில் வண்டி தலைகீழானால் ரோல் பார் எவ்வளவு புதையும், பெல்ட்டில் தொங்கும் ஆளின் முகம் சேற்றிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கும் என்பது சேற்றைப் பொறுத்தது. நிறைந்து ஓடும் வாய்க்காலுக்கும் இதே சந்தேகம் உண்டு. உங்கள் அப்பா சாய்ந்தது கரையில் என்பதால், கரையிலும் தார்ச் சாலையிலும் பெல்ட் கட்டாயம் என்று தயங்காமல் சொல்வேன். சேற்றுக்குள் நானாக இருந்தால் போட்டுக்கொண்டு, தேவைப்பட்டால் பெல்ட்டை அறுக்க இடுப்பில் ஓர் அரிவாளும் செருகிக்கொள்வேன். வேறு அனுபவமுள்ள ஒருவர் மாற்றிச் சொன்னால் அவரோடு சண்டைக்குப் போக மாட்டேன்.

இனி, இந்த மாடலுக்கு ரோல் பார் கிடைக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போது மிஞ்சுவது கவிழாமல் பார்த்துக்கொள்வது. பக்கவாட்டுக்கு, பின்சக்கர ரிம்மையும் டிஸ்க்கையும் மாற்றிப் பூட்டி, இரு பின்சக்கரங்களுக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டுங்கள். இந்த வண்டியில் அந்த வசதி உண்டு, பலரும் வாங்கிய நாளிலிருந்து தொடாமல் விட்டிருக்கிறார்கள். எடைமையம் 75 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், 1.3 மீட்டர் இடைவெளியில் கணக்குப்படி 41 பாகை சாயும்வரை வண்டி நிற்கும், 1.5 மீட்டராக்கினால் 45 பாகை. நடப்பில் இவ்வளவு கிடைக்காது. முன் ஆக்சில் நடுவில் ஒரே பின்னில் (ஆணியில்) ஊசலாடுவதால், வண்டி நான்கு கால் நாற்காலியாக நில்லாமல் முக்காலி போலத்தான் நிற்கிறது. ஒரு குழியோ கல்லோ மீதியைத் தின்றுவிடும். வாய்க்கால் எவ்வளவு ஆழமோ, கரை விளிம்பிலிருந்து அவ்வளவு தூரம் தள்ளியே சக்கரம் போக வேண்டும். பிசானத்துக்குத் தண்ணீர் திறந்து கரை ஊறியபின் இன்னும் தள்ளிப் போக வேண்டும்.

பின்பக்கமாகக் கவிழ்வதுதான் கொடியது. முன்சக்கரம் எழத் தொடங்கியபின் திரும்ப முடியாத நிலையைத் தொட முக்கால் வினாடிதான் ஆகும். கிளட்சை மிதிக்க நினைப்பதற்குள் முடிந்துவிடும். தொழியில் சக்கரம் புதைந்தால், தென்னைத் தடியைப் பின்சக்கரத்தில் சங்கிலியால் கட்டி முன்னால் எடுக்கிறார்களே, அதைச் செய்யவே கூடாது. தடி இடித்துச் சக்கரம் நின்றுபோனால், என்ஜின் சக்கரத்தைச் சுற்ற முடியாமல் வண்டியின் உடலையே ஆக்சிலைச் சுற்றித் தூக்கும். பின்னோக்கி எடுத்துப் பாருங்கள். வராவிட்டால் இன்னொரு வண்டியை வைத்து இழுங்கள். இழுக்கும் வண்டியில் சங்கிலியைப் பின்னால் தாழ்வாக இருக்கும் டிரா பாரில்தான் மாட்ட வேண்டும், அதற்கு மேலே உயரத்தில் இருக்கும் டாப் லிங்க் புள்ளியில் மாட்டக் கூடாது. உயரமான வரப்பிலும் முன்னால் ஏறாமல் ரிவர்ஸில் ஏறுங்கள்.

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் பிரிவு 52, பதிவான வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. எனவே பொருத்துவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் ரோல் பாரின் சான்றிதழைக் காட்டி, ஒப்புதலை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

உங்கள் ஹவுசிங்கைப் பார்க்காமல் இதற்கு மேல் நான் சொல்வது சரியாகாது. இரண்டு டிரம்பெட்டுகளையும் டீசல் விட்டுக் கழுவித் துடைத்து, மட்கார்டு தாங்கி உட்காரும் இடத்தையும், சென்டர் ஹவுசிங்கோடு சேரும் விளிம்பையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து இங்கேயே போடுங்கள். பிசுக்கோடு எடுத்தால் கீறல் தெரியாது. பழைய வெல்டிங் தழும்பு எங்காவது தென்பட்டால் அதைத் தனியாக, பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து எடுங்கள். தென்னையில் முட்டிய பக்கம் எது என்பதையும் எழுதுங்கள். அந்தப் பக்கத்து ஹவுசிங்கை முதலில் பார்க்க வேண்டும்.